அண்ணாச்சிக்கு நரம்புத் தளர்ச்சி இல்லை

வயது 54. ஆண். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடத்துக்கு மேலாகத் தாராவியில், 90 ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருப்பு. சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்து, சயானிலும் மாட்டுங்காவிலும் இட்லி விற்கிறார். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, குடி இல்லை.

நான் மும்பையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் நரம்புக் கடத்தல் சோதனை செய்கிற தொழில்நுட்பர். நோய் இன்னதென்று முடிவு சொல்வது டாக்டர்கள் வேலை. என் வேலை தோலின் மேல் மின்முனை ஒட்டுவது, நரம்பைத் தூண்டுவது, திரையில் வரும் அலையை அளப்பது. இந்த நிகழ்வை அண்ணாச்சியின் ஒப்புதலோடு, அவர் யார் என்று தெரியாதபடி எழுதுகிறேன். முதல் நாள் சோதனையில் நான் தவறவிட்ட விஷயமும் இதில் இருக்கிறது.

ஆகஸ்ட் மாதம், விடாத மழை. மதியம் மூன்று மணிக்கு வந்தார். கையிலிருந்த சீட்டில் "பொதுவான பலவீனம், ஐந்து மாதமாக" என்று மட்டும் இருந்தது. அவரே விளக்கம் சொன்னார்: "எனக்கு நரம்புத் தளர்ச்சி தம்பி. ஊசி போட்டும் கேக்கல."

இந்த வார்த்தை தமிழர்களுக்கு நன்றாகப் பழகியது. பஸ் ஸ்டாண்டுச் சுவர் விளம்பரத்தில் தொடங்கி வீட்டுத் திண்ணைப் பேச்சு வரை எல்லா அசதிக்கும் இதுதான் பெயர். கை நடுங்கினாலும் தூக்கம் வராவிட்டாலும் நரம்புத் தளர்ச்சி. கேட்டவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டதால், அதற்கு மேல் யாரும் தேடுவதில்லை. அண்ணாச்சி விஷயத்தில் இந்த ஒரு வார்த்தை ஐந்து மாதத்தை எடுத்துக்கொண்டது.

மார்ச் மாதம் வலது கண்ணிமை இறங்க ஆரம்பித்தது. சில நாள் இறங்கும், சில நாள் இறங்காது. அக்கம்பக்கத்து கிளினிக்கில் சத்துக்குறைவு என்று பி12 ஊசி போட்டார்கள். ஏப்ரலில் பாத்திரத்தை சைக்கிள் கேரியரிலிருந்து இறக்கும்போது தோள் கைவிட்டது. "தூக்குறேன், பாதியிலேயே கை தானா கீழ வந்துருது." பக்கவாதமோ என்று மூளை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. மே மாதம் இருமலும் காய்ச்சலும் வந்து, வேறொரு கிளினிக்கில் ஃப்ளூரோகுவினோலோன் வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் இட்லி தொண்டையில் நின்றது, பேச்சு மூக்கால் வந்தது. மருந்து முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காய்ச்சலின் களைப்பு என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

இடையில் பார்த்த ஒரு டாக்டர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "சாயங்காலம் ஆக ஆக அதிகமாகிறதா?" அண்ணாச்சி உண்மையைச் சொன்னார்: "இல்லீங்க, சாயங்காலம் நல்லா இருப்பேன்." கேள்வியும் சரி, பதிலும் சரி. ஆனால் அந்தப் பதிலால் நோய் கைநழுவிப் போனது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் சோதனை

வலது கை மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் நடு நரம்பைத் தூண்டினேன். கட்டைவிரல் மேட்டுத் தசையில் வந்த அலையின் உயரம் 9.6 மில்லிவோல்ட், நல்ல உயரம். கடத்தும் வேகம் நொடிக்கு 49 மீட்டர், விளிம்பில் இருந்தாலும் மோசமில்லை. உணர்ச்சி நரம்பிலும் குறை இல்லை. டாக்டர் கேட்டிருந்தபடி சுண்டுவிரல் பக்கத்துத் தசையில் தொடர் தூண்டல் சோதனையும் செய்தேன். நொடிக்கு மூன்று முறை வீதம் பத்துத் தூண்டல். முதல் அலைக்கும் நான்காவது அலைக்கும் வித்தியாசம் 5 சதவீதம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த அறிக்கை என்ன சொன்னது என்று புரிய, நரம்பு எப்படிச் சுடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நரம்பு செல் சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. அதன் சவ்விலுள்ள பம்பு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. பொட்டாசியம் சிறிது வெளியே கசிவதால் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக நிற்கிறது. இழுத்துப் பிடித்த கவண் மாதிரி இதைச் சொல்லலாம். தூண்டல் வந்து மைனஸ் 70 என்பது மைனஸ் 55-ஐத் தொட்டால் சோடியம் வாயில்கள் சட்டென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தாண்டி நேர்மின் பக்கம் போகிறது. ஏறக்குறைய ஒரு மில்லிநொடியில் அந்த வாயில்கள் அடைபடுகின்றன. பொட்டாசியம் வெளியேறி பழைய நிலை திரும்புகிறது. பாதிச் சுடுதல் என்று ஒன்று கிடையாது. எல்லையைத் தொட்டால் முழுதாகச் சுடும், தொடாவிட்டால் இல்லவே இல்லை. கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் மின்முனை செருகி ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டியது 1952-இல்.

இந்தத் துடிப்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து விரல் நுனித் தசை வரை போக வேண்டும். நரம்பிழையின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிக்கு ஒரு முறை சின்னச் சின்ன வெட்டவெளிகளோடு. துடிப்பு அந்த வெட்டவெளிகளில் மட்டும் புதிதாகச் சுடுகிறது. மும்பைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: ஸ்லோ லோக்கல் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், ஃபாஸ்ட் லோக்கல் சயானையும் மாட்டுங்காவையும் விட்டுவிட்டு தாதரில் போய் நிற்கும். உறை உரிந்துபோனால் வேகம் விழும். 1850 வாக்கில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் வேகத்தை அளந்து நொடிக்கு முப்பது மீட்டருக்குச் சற்றுக் கீழே கண்டபோது, அதற்கு முன்பு அளக்கவே முடியாது என்று நினைத்திருந்த ஒன்று அளவுக்குள் வந்தது. நான் தினமும் செய்வது அதே வேலைதான்.

ஆக, அண்ணாச்சியின் அலை உயரம் சரி என்றால் நரம்பிழைகள் எண்ணிக்கையில் குறையவில்லை. வேகம் சரி என்றால் உறை கெடவில்லை. நரம்பு தளரவே இல்லை. ஐந்து மாதமாக அவர் பெயரில் ஒட்டியிருந்த வார்த்தை பொய் என்பதை அந்தத் திரையே சொல்லிவிட்டது. ஆனால் கை தூக்க முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். நான் அறிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

பாம்பு கடித்த கண்

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் கிட்டே வந்தார். "தம்பி, ஒண்ணு கேக்கணும். எங்க ஊர்ல ஒரு சித்தப்பாவ நல்லபாம்பு கடிச்சுது. அன்னிக்கி அவர் கண்ணு எப்படி சொருகிச்சோ, அதே மாதிரிதான் இவருக்கும் இருக்கு. காலையில வந்து பாருங்க."

"காலையிலயா அக்கா?"

"ஆமா. யாவாரம் முடிச்சு வரும்போது. ஒம்பது, ஒம்பதரைக்கு."

அப்போதுதான் கேட்டேன்: "அண்ணாச்சி எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?"

"ராத்திரி ஒண்ணரைக்கு. மாவு ஊத்தி, வேக வச்சு, நாலரைக்குக் கிளம்பிருவாரு. வந்து குளிச்சு, பன்னெண்டுல இருந்து தூங்கிருவாரு. எந்திரிச்சாத்தான் உங்க ஆஸ்பத்திரிக்கு வர முடியும்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த மனிதருக்கு சாயங்காலம் என்பது காலை ஒன்பது மணி. நமக்கு மதியம் மூன்று மணி என்பது அவருக்கு விடியல். டாக்டர்கள் எல்லோரும், நானும் சேர்த்து, அவர் தூங்கி எழுந்த புத்துணர்ச்சியான நேரத்தில்தான் அவரைப் பார்த்திருக்கிறோம். "சாயங்காலம் அதிகமாகிறதா?" என்ற கேள்விக்குள்ளே பகலில் உழைத்து இரவில் தூங்கும் ஒருவரின் வாழ்க்கை ஒளிந்திருக்கிறது. கேட்டிருக்க வேண்டியது கடிகார நேரத்தை அல்ல. "உழைக்க உழைக்க அதிகமாகிறதா, ஓய்வெடுத்தால் திரும்புகிறதா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

அக்கா சொன்ன பாம்புக் கதையும் வெறும் உவமை இல்லை. நல்லபாம்பின் நஞ்சில் ஒரு பகுதி போய் உட்காருகிற இடம் எதுவோ, அண்ணாச்சியின் கோளாறு இருந்த இடமும் அதுதான். அந்த இரண்டுக்கும் இடையே உறவு இருப்பதை ஒரு கிராமத்துப் பெண்ணின் கண் நேராகப் பிடித்திருந்தது. டாக்டரிடம் போய் இரண்டையும் சொன்னேன். மறுநாள் காலை வியாபாரம் முடிந்ததும் தூங்காமல், குளிக்காமல், நேரே வரச் சொன்னார்.

நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடம்

நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் வெளி இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்துடிப்பு அதைத் தாண்டாது. துடிப்பு நரம்பு நுனிக்கு வந்ததும் அங்கே கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே வந்த கால்சியம், தயாராக நிற்கும் நுண்பைகளைச் சவ்வோடு ஒட்டி உடைக்கிறது. ஒவ்வொரு பையிலும் அசிட்டைல்கோலின் என்ற தூது வேதிப்பொருளின் பல ஆயிரம் மூலக்கூறுகள். அவை வெளியைக் கடந்து தசையின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்துகின்றன, ஓர் ஏற்பிக்கு இரண்டு வீதம். நல்லபாம்பின் நஞ்சு போய் உட்காருவதும் இந்த ஏற்பிகளில்தான். ஏற்பி திறந்தால் சோடியம் தசைக்குள் நுழையும், எல்லை தொட்டதும் தசை சுடும், சுருங்கும். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை அங்கேயே இருக்கும் ஒரு நொதி உடனுக்குடன் உடைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் ஒரு கட்டளைக்குத் தசை பல முறை துடிக்கும்.

இயற்கை இந்த இடத்தில் தாராளமாகக் கொடுத்திருக்கிறது. தசை சுடுவதற்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு அசிட்டைல்கோலின், பல மடங்கு ஏற்பி. தொடர்ந்து வேலை செய்தால் தயாராக நிற்கும் பைகள் குறையும், அடுத்தடுத்த துடிப்புக்குக் கிடைப்பதும் குறையும். ஆனால் கையிருப்பு அவ்வளவு இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயில் கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்பொருள்களே தடம் மாறி ஏற்பிகளை அழித்து, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. கையிருப்பு தீர்ந்த வீடு மாதிரி. மாத முதல் வாரம் ஒன்றும் தெரியாது, கடைசி வாரம் அடுப்பு அணையும். முதல் இட்லித் தட்டைத் தூக்கும்போது தசை சுடுகிறது. ஐம்பதாவது தட்டில் சில தசை இழைகள் எல்லையைத் தொடாமல் விட்டுப்போகின்றன. ஓய்வெடுத்தால் பைகள் நிரம்பிக் கை திரும்ப எழுகிறது.

மே மாத ஆன்டிபயாட்டிக் அவரைக் கவிழ்த்ததும் இங்கேதான். அந்த வகை மருந்துகள் இந்தச் சந்திப்பில் கடத்தலைத் தடுக்கக்கூடியவை. மயஸ்தீனியா உள்ளவர்களுக்கு ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நோய் இருப்பதே தெரியாதபோது கிளினிக்கில் கொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு நாள் மாற்றம் ஒரு பெரிய தடயம். யாராவது உட்கார்ந்து தேதிகளை வரிசையாக எழுதியிருந்தால் மே மாதமே பிடித்திருக்கலாம்.

மறுநாள், காலை பத்து மணி

மழையில் நனைந்து, சைக்கிளை சயானில் விட்டுவிட்டு வந்தார். முந்தின நாள் பார்த்த ஆளே இல்லை. வலது இமை கருவிழியை மறைத்துக்கொண்டிருந்தது, இமைகளின் இடைவெளி 5 மில்லிமீட்டர். புருவத்தை உயர்த்தி, முகத்தைத் தூக்கிப் பார்த்தார். பாவையின் அளவும் ஒளிக்குச் சுருங்குவதும் இயல்பு, தொடுவுணர்ச்சியும் மூட்டு அனிச்சைகளும் சரி. டாக்டர் ஒரே மூச்சில் தமிழில் எண்ணச் சொன்னார். இருபது வரை தெளிவு, அதற்கப்புறம் குரல் மூக்குக்குள் போனது, முப்பத்தி நாலில் நின்றார். கைகளை நேரே நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது எழுபது நொடியில் வலது கை இறங்கியது.

ரப்பர் கையுறையில் ஐஸ் கட்டியைப் போட்டு மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார்கள். எடுத்ததும் கண் திறந்தது: 9 மில்லிமீட்டர். அக்கா "முருகா" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. குளிர்ச்சி அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. அசிட்டைல்கோலின் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறது, மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது.

எனக்கு அங்கேதான் உறைத்தது. குளிர் இந்த நோயைக் குறைத்துக் காட்டும் என்றால், முந்தின நாள் என் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, மழையில் நனைந்த கை, வெப்பநிலையை நான் அளக்கவில்லை. கண்ணில் நோயைக் காட்டிக்கொடுத்த அதே குளிர் கையில் நோயை மறைத்திருக்கிறது. இது புது விஷயமில்லை, என் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். வேகம் 49-இல் நின்றபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்த முறை கையை வெந்நீர்ப் பைகளால் சூடாக்கி, தோல் 33 டிகிரி வந்ததும் தொடங்கினேன். வேகம் நொடிக்கு 57 மீட்டர். நரம்பின் மேல் இருந்த கடைசிச் சந்தேகமும் போனது. தொடர் தூண்டலுக்குச் சுண்டுவிரல் தசையோடு நிறுத்தவில்லை. கைகால்களில் இந்த நோய் விரல் பக்கத்தைவிட உடலின் மையத்துக்குப் பக்கத்துத் தசைகளையே அதிகம் பிடிக்கும் என்பதால் தோள்பட்டையின் ட்ரபீசியஸ் தசையையும் எடுத்தேன். சுண்டுவிரலில் 13 சதவீத இறக்கம். தோளில் முதல் அலைக்கும் நான்காவது அலைக்கும் 31 சதவீத இறக்கம், ஐந்தாவதிலிருந்து லேசாக ஏறியது. பத்து நொடி தோளை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி உடனே மறுபடி தூண்டினால் இறக்கம் 12-ஆகக் குறைந்தது: நுனியில் சேர்ந்த கால்சியம் தற்காலிகமாகக் கைகொடுக்கிறது. ஒரு நிமிடம் முழுதாக உழைக்க வைத்து, மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் 38. ஐந்து மாதமாக அவர் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைத் திரை வரைந்து காட்டியது.

நொடிக்கு ஏன் மூன்று முறை மட்டும் என்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். வேகமாகத் தூண்டினால் முந்தின துடிப்பின் கால்சியம் நுனியில் மிச்சமிருந்து அடுத்ததற்கு உதவி செய்துவிடும். மூன்றில் ஒரு நொடி இடைவெளி விட்டால் அது வடிந்துபோகும், பைகளின் குறைவு மட்டும் தனியாகத் தெரியும்.

முடிவும் மருந்தும்

ரத்தத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான எதிர்பொருள் மிகுதியாக வந்தது. இந்த எதிர்பொருள்தான் காரணகர்த்தா என்பதற்கு வழி திறந்தது 1973-இல், மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்திய பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரின் சோதனை. முயல்கள் தளர்ந்து விழுந்தன. இந்த நோயோடு சிலருக்கு மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி வரும். அண்ணாச்சியின் மார்பு சி.டி. ஸ்கேனில் அது இல்லை.

நொதியைத் தடுக்கும் பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம் தொடங்கினார்கள். இந்த மருந்துக் குடும்பத்தை இந்த நோய்க்குக் கொடுத்ததில் முன்னோடி டாக்டர் மேரி வாக்கர். 1934-இல் லண்டனில், இந்த நோய் அம்பு நுனியில் தடவும் க்யூராரே நஞ்சு மாதிரியே இருக்கிறதே என்று யோசித்து, அதன் மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்துப் பார்த்தவர். அக்காவின் யோசனைக்கும் அவர் யோசனைக்கும் நடுவே நான் பெரிய தூரத்தைப் பார்க்கவில்லை.

மாத்திரையின் பலன் அரை மணியில் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். வழக்கப்படி "காலை, மதியம், இரவு" என்று எழுதியிருந்தால் அவருக்கு வேண்டிய நேரத்தில் மருந்தே இருந்திருக்காது. டாக்டர் 1.30, 5.30, 9.30 என்று எழுதினார், எல்லாம் அவருடைய நாள் கணக்கில். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிடித்து இழுக்கும் என்பதால் பாதி இட்லியோடு. கூடவே ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார்கள். எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் முதல் சில வாரம் நோய் கூடிவிடலாம். அப்புறம் உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோபிரின், இடையிடையே ரத்தப் பரிசோதனையோடு. தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தமிழிலும் மராத்தியிலும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தோம். விழுங்க முடியாமல் போனாலோ மூச்சு வாங்கினாலோ நேரம் பார்க்காமல் எமர்ஜென்சிக்கு வர வேண்டும் என்பதை நான் மூன்று முறை சொன்னேன், அக்கா திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

டிசம்பரில் வந்தார், காலை பத்து மணிக்கே. இமை இடைவெளி 9 மில்லிமீட்டர். ஒரே மூச்சில் நாற்பத்தி எட்டு வரை, குரல் மாறாமல். சோதனைக்காக மாத்திரையை டாக்டர் சொன்னபடி நிறுத்திவைத்து, கையும் தோளும் சூடாக்கிச் செய்த தொடர் தூண்டலில் தோளின் இறக்கம் 16 சதவீதம். சந்திப்பு இன்னும் முழுதாகத் தேறவில்லை. சாம்பார்த் தூக்கை இப்போதைக்கு மகன்தான் இறக்குகிறான். அசதயோபிரின் தன் வேலையைக் காட்ட இன்னும் பல மாதம் ஆகும். அடுத்த சோதனை மார்ச்சில், வியாபாரம் முடிந்த கையோடு.